கிரிட்டிகல் ரீசனிங்: ஐந்து விடைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு

"கீழ்க்கண்டவற்றுள் எது உண்மையாக இருந்தால் மேற்சொன்ன வாதம் மிகவும் பலவீனப்படும்?" ஜிமேட், எல்சாட் மாதிரித் தேர்வுகளுக்குத் தயார் செய்தவர்களுக்கு இந்த வாக்கியம் தூக்கத்தில் கூட வரும். நாலைந்து வரியில் ஒரு வாதம். அதன் கீழே ஒரு கேள்வி. அதன் கீழே ஐந்து விடைகள். ஒன்றுதான் சரி. மீதி நான்கில் ஒன்று, சரியான விடையை விட அழகாக உட்கார்ந்திருக்கும். ஜிமேட்டில் இதற்குப் பெயர் கிரிட்டிகல் ரீசனிங், எல்சாட்டில் லாஜிக்கல் ரீசனிங். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்று.

இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்க உத்திகள் சொல்லும் புத்தகங்கள் கடை கடையாகக் கிடைக்கின்றன. கேள்வியை முதலில் படி, முடிவைக் கோடிட்டுக் கொள், "எல்லா", "ஒருபோதும்" என்று வந்தால் சந்தேகப்படு, விடையை எதிர்மறையாக்கிப் பார் என்று பட்டியல் நீளும். இந்த உத்திகள் யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து எழுதியவை அல்ல. கேள்வி தயாரிப்பவர்களுக்கும் அதை உடைக்கப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் இடையே பல வருஷங்கள் நடந்த ஒரு பூனை எலி விளையாட்டில் பிறந்தவை. அந்தக் கதை உத்திகளை விடச் சுவாரஸ்யமானது.

முதலில் நாலைந்து விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழக்கம். இதைத் தொடங்கி வைத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் கெல்லி. 1914-15 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்க அவர் ஒரு தேர்வு தயாரித்தார். ஆசிரியர்கள் ஒரே விடைத்தாளுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போடுவது அவருக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. விடை ஒன்றுதான் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் திருத்துபவரின் மனநிலைக்கு அங்கே வேலை இல்லை அல்லவா? 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் இந்த முறையை ராணுவத்துக்குக் கொண்டு போனார்கள். சுமார் 17 லட்சம் பேருக்கு ஆர்மி ஆல்ஃபா, ஆர்மி பீட்டா என்ற பெயர்களில் தேர்வு நடந்தது.

அந்தக் குழுவில் இருந்தவர்தான் கார்ல் பிரிகாம். 1923-ல் அவர் எழுதிய புத்தகம், ராணுவத் தேர்வு முடிவுகளை வைத்துக்கொண்டு வடக்கு ஐரோப்பியர்கள் மற்றவர்களை விட அறிவாளிகள் என்று சொன்னது. அதன் ஆதாரமோ, அமெரிக்காவுக்கு வந்து சில வருஷங்களே ஆன, ஆங்கிலமும் அந்நாட்டுப் பழக்க வழக்கமும் சரியாகத் தெரியாத மனிதர்களின் மதிப்பெண்கள். இன்றைக்கு எந்தக் கிரிட்டிகல் ரீசனிங் மாணவரிடம் கொடுத்தாலும் ஒரு நிமிஷத்தில் ஓட்டையைக் காட்டிவிடுவார். மதிப்பெண் குறைவுக்கு அறிவு தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பது அந்த வாதத்தின் சொல்லப்படாத அனுமானம். அந்தப் பிரிகாம்தான் 1926 ஜூன் மாதம் சுமார் 8,000 மாணவர்கள் எழுதிய முதல் எஸ்ஏடி தேர்வை உருவாக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1930-ல் தன் பழைய முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே எழுதி வாபஸ் வாங்கினார். அது பெரிய மனசுதான். ஆனால் அதற்குள் 1924-ல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றி முடித்திருந்தது.

இதே காலத்தில் பாரிஸில் வேறொரு சம்பவம். இங்கிலாந்தைச் சேர்ந்த சிரில் பர்ட் சிறுவர்களுக்கான தர்க்கக் கேள்விகளைத் தயாரித்திருந்தார். மூன்று சிறுமிகளின் முடி நிறத்தை ஒப்பிட்டு யாருடையது அதிகக் கறுப்பு என்று கண்டுபிடிக்கிற மாதிரியான கேள்விகள். அவற்றை ஃபிரெஞ்சுச் சிறுவர்களுக்கு ஏற்பத் தரப்படுத்தும் வேலை 1920 வாக்கில் ஓர் இளைஞருக்குக் கிடைத்தது. அவர் பெயர் ழான் பியாஜே. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணுவது அவருக்குப் போரடித்தது. தப்பாகச் சொன்னவர்கள் ஏன் எல்லோரும் ஒரே மாதிரித் தப்பு செய்கிறார்கள் என்பதுதான் அவரை இழுத்தது. அங்கிருந்து குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றிய ஒரு துறையே கிளைத்தது. கிரிட்டிகல் ரீசனிங் கேள்வி எழுதுபவர்களும் இதே விஷயத்தில்தான் பிழைக்கிறார்கள். சரியான விடையை எழுதுவது சுலபம். நன்றாகப் படிக்கிற மாணவன் விரும்பி விழக்கூடிய நான்கு தப்பான விடைகளை எழுதுவதுதான் கஷ்டமான வேலை.

வாதத்தை எடை போடும் திறனை மட்டும் தனியாக அளக்கலாம் என்று முதலில் முயன்றவர்களில் குட்வின் வாட்சன் முக்கியமானவர். 1925-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு, ஒரு மனிதன் எவ்வளவு நடுநிலையோடு யோசிக்கிறான் என்பதை அளக்கப் பார்த்தது. அதாவது தனக்குப் பிடித்த முடிவு என்றால் பலவீனமான ஆதாரத்தையும் ஏற்றுக்கொள்கிறானா என்று சோதித்தது. பிறகு எட்வர்ட் கிளேசர் 1941-ல் இதை விரிவுபடுத்தினார். இருவர் பெயரிலும் வந்த வாட்சன்-கிளேசர் தேர்வு இன்றும் இருக்கிறது. லண்டனில் பெரிய சட்ட நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதை வைக்கின்றன. அதில் ஒரு பகுதியில் ஒரு செய்தியைக் கொடுத்து, அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு உண்மை, அநேகமாக உண்மை, தகவல் போதாது, அநேகமாகப் பொய், பொய் என்ற ஐந்தில் எது என்று கேட்பார்கள். நம்மவர்கள் பலர் சறுக்குவது "தகவல் போதாது" என்ற இடத்தில். தெரியவில்லை என்று சொல்வதற்கு மதிப்பெண் உண்டு என்பதை நம் பள்ளிக்கூடங்கள் சொல்லித் தருவதே இல்லை!

1938-ல் ஐபிஎம் நிறுவனம் 805 என்ற விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பென்சில் கோட்டில் மின்சாரம் பாயும் என்ற சின்ன உண்மையை வைத்துச் செய்தது. அதை உருவாக்கிய ரெனால்ட் ஜான்சன் அதற்கு முன்பு பள்ளி ஆசிரியர். அதன் பிறகு லட்சக்கணக்கானோருக்குத் தேர்வு வைப்பது மலிவான காரியமாகிவிட்டது. 1947 டிசம்பரில் ஈடிஎஸ் நிறுவனம் தொடங்கியது. 1948 பிப்ரவரியில் சட்டக் கல்லூரிகளுக்கான முதல் எல்சாட் தேர்வு. மேலாண்மைப் பள்ளிகள் ஒன்பது 1953-ல் கூடிப் பேசின. பின்னாளில் ஜிமேட் என்று பெயர் மாறிய தேர்வு 1954-ல் வந்தது. முதல் வருஷம் அதை எழுதியவர்கள் 2,000 பேருக்குச் சற்று மேல்.

இந்த இடத்தில் தத்துவப் பேராசிரியர்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1958-ல் ஸ்டீஃபன் டூல்மின் வாதங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அன்றாட வாழ்க்கையில் யாரும் அரிஸ்டாட்டில் பாணியில் "எல்லா மனிதரும் இறப்பவர்" என்று தொடங்குவதில்லை. ஒரு தகவலைச் சொல்லி, உடனே ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவலுக்கு அனுமதி கொடுக்கும் விதி ஒன்று சொல்லப்படாமல் நடுவில் ஒளிந்திருக்கிறது என்றார். சொந்த ஊரான இங்கிலாந்தில் தத்துவக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் பேச்சுக்கலை ஆசிரியர்கள்தான் வாரி அணைத்துக்கொண்டார்கள். 1971-ல் ஹோவர்ட் கஹேன் பத்திரிகைச் செய்திகளையும் அரசியல் பேச்சுகளையும் உதாரணமாக வைத்துத் தர்க்கப் பாடநூல் எழுதினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கும்போது குறியீட்டுத் தர்க்கம் எதற்கு என்று மாணவர்கள் கேட்ட காலம் அது. 1980-ல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் கிரிட்டிகல் திங்கிங் கட்டாயப் பாடமானது. நடுவில் ஒளிந்திருக்கும் விதியைக் கண்டுபிடி என்று டூல்மின் சொன்னதும், "இந்த வாதம் எந்த அனுமானத்தை நம்பியிருக்கிறது?" என்று தேர்வுத் தாள் கேட்பதும் ஒரே விஷயம்தான்.

சரி, எதிரணிக்கு வருவோம். 1938-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஸ்டான்லி கேப்லன் என்ற இளைஞர் பெற்றோர் வீட்டின் கீழ்த்தளத்தில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். 1946-ல் ஒரு மாணவி எஸ்ஏடிக்குப் பயிற்சி கேட்டு வந்தார். எஸ்ஏடியின் தலையாய கொள்கையே அதற்குப் பயிற்சி பலிக்காது, அது பிறவித் திறனை அளக்கிறது என்பதுதான். கேப்லன் அதை நம்பவில்லை. பழைய வினாத்தாள் வெளியே கிடைக்காத காலம். அவர் என்ன செய்தார் தெரியுமா? தேர்வு முடிந்த நாளில் மாணவர்களுக்கு விருந்து வைத்து, ஞாபகத்தில் இருக்கும் கேள்வியைச் சொல்லச் சொன்னார். ஒருவருக்கு ஒரு கேள்வி என்றாலும் கூட்டம் பெரிசு. கொஞ்ச வருஷத்தில் கேள்விகளின் வகைகள் அவருக்கு அத்துப்படி.

பயிற்சி பலிக்குமா பலிக்காதா என்ற சண்டை கடைசியில் அரசாங்கத்தின் மத்திய வர்த்தக ஆணையம் வரைக்கும் போனது. 1979-ல் வந்த அதன் ஆய்வறிக்கை, ஒரு பயிற்சி மையத்தில் படித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மொழி, கணிதம் இரண்டிலும் தலா 25 மதிப்பெண் வரை கூடியிருப்பதாகச் சொன்னது. பெரிய உயர்வு இல்லை. ஆனால் "பலிக்காது" என்ற வேதவாக்கு உடைந்துவிட்டது. அதே 1979-ல் நியூயார்க் மாநிலம் தேர்வு முடிந்த பின் கேள்விகளையும் விடைகளையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. 1980 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

வெளிப்படையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உடனே ஓர் உதாரணம் கிடைத்தது. 1980 அக்டோபரில் நடந்த பிஎஸ்ஏடி தேர்வில் ஒரு கணக்கு. முக்கோண முகங்கள் மட்டுமே கொண்ட ஒரு பிரமிடையும் சதுர அடிப்பாகம் கொண்ட இன்னொரு பிரமிடையும் ஒரு முகத்தோடு முகம் ஒட்டினால் மொத்தம் எத்தனை முகங்கள் தெரியும்? நாலும் ஐந்தும் ஒன்பது, ஒட்டிய இரண்டைக் கழித்தால் ஏழு என்பது அதிகாரப்பூர்வ விடை. ஃபுளோரிடாவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் 5 என்று எழுதியிருந்தார். ஒட்டும்போது இரண்டு பக்கமும் உள்ள முகங்கள் ஒரே தளத்தில் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்பதைக் காகிதத்தில் செய்து பார்த்து நிரூபித்தார். அவர் சொன்னதுதான் சரி. 1981 மார்ச்சில் சுமார் 2,40,000 மாணவர்களின் மதிப்பெண்களை உயர்த்த வேண்டியதாயிற்று. கிரிட்டிகல் ரீசனிங்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கணக்கில் காகிதத்தை வெட்டி ஒட்டிக் காட்டலாம், வாதத்தில் எதை ஒட்டிக் காட்டுவது? அதனால்தான் அந்தக் கேள்விகளில் ஒவ்வொரு சொல்லையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி அளந்து எழுதுகிறார்கள். "சில", "பெரும்பாலான", "மட்டுமே" என்ற சொற்கள் அங்கே அலங்காரத்துக்கு வருவதில்லை.

ஜிஆர்இ தேர்வின் கதைதான் இந்த விளையாட்டை மிக நன்றாகக் காட்டுகிறது. மொழி, கணிதம் இரண்டு மட்டும் போதாது என்று 1977-ல் அதில் அனலிட்டிகல் என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். விளக்கங்களை அலசுவது, வட்டம் போட்டுத் தொகுதிகளைக் காட்டுவது, புதிர் போடுவது என்று பல வகைக் கேள்விகள். ஈடிஎஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களே பரிசோதித்துப் பார்த்ததில், முதல் இரண்டு வகையிலும் சில மணி நேரப் பயிற்சியிலேயே மதிப்பெண் ஏறியது. கேள்வியில் இருந்த விதிமுறைகள் சிக்கலாக இருந்ததால், அவற்றைப் பழகியவனுக்கே பாதி வெற்றி. ஆகவே 1981-ல் அவை இரண்டும் தூக்கப்பட்டன. புதிர்கள் தங்கின. கூடவே சின்னச் சின்ன வாதங்களை எடை போடும் கேள்விகள் வந்து சேர்ந்தன. விதிமுறை எதுவும் இல்லாத கேள்வி அது, வாசித்தால் போதும். தந்திரத்துக்கு எளிதில் மசியாது என்பதே அதன் பலம். 1982-ல் எல்சாட்டும் உருமாறியது. 1991 ஜூன் முதல் எல்சாட்டின் மதிப்பெண் பெறும் நான்கு பிரிவுகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங். ஜிமேட்டிலும் 1990களின் தொடக்கத்துக்குள் கிரிட்டிகல் ரீசனிங் நிலைத்துவிட்டது.

தந்திரத்துக்கு மசியாது என்றால் பயிற்சி மையங்கள் சும்மா இருக்குமா? 1981-ல் ஜான் கேட்ஸ்மேன் தொடங்கிய பிரின்ஸ்டன் ரெவ்யூ வேறு ரகம். கேப்லன் பாடம் நடத்தினார். இவர்களோ கேள்வி எழுதுபவரின் மனசைப் படிக்கச் சொன்னார்கள். ஜோ பிளாக்ஸ் என்று ஒரு கற்பனை மாணவனை உருவாக்கினார்கள். அவன் சராசரி. எந்தக் கேள்வியிலும் பார்த்ததும் கண்ணை இழுக்கும் விடையைத் தேர்ந்தெடுப்பான். எஸ்ஏடியில் கேள்விகள் சுலபத்திலிருந்து கடினத்துக்குப் போகும். எனவே கடைசிக் கேள்விகளில் ஜோ பிளாக்ஸ் எதைத் தொடுவானோ அதை அடித்துவிடு என்பது உபதேசம். படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை, விடைகளின் வாசனை மட்டும்! கல்வியாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த உத்தி வேலை செய்தது என்றால், தேர்வு அளந்தது அறிவையா வாசனையையா என்ற கேள்வி அவர்கள் முகத்துக்கு நேராகவே நிற்கிறது. 1997-ல் ஜிமேட் கணினிக்கு மாறி, விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வி மாறும் முறை வந்ததும் சுலபம், கடினம் என்ற வரிசை போயிற்று. அந்தத் தேர்வில் ஜோ பிளாக்ஸுக்கும் வேலை போயிற்று.

வாதக் கேள்விகளில் உண்மையிலேயே பலிக்கும் உத்திகள் என்னென்ன? ஒரு உதாரணம் பார்த்தால் புரியும். ஒரு நகரத்தில் சென்ற வருஷம் மிக அதிக விபத்து நடந்த 10 சந்திப்புகளில் கேமரா பொருத்தினார்கள். இந்த வருஷம் அங்கே விபத்துகள் கணிசமாகக் குறைந்தன. எனவே கேமராக்களே விபத்தைக் குறைத்தன என்று நகராட்சி சொல்கிறது. இதைப் பலவீனப்படுத்துவது எது? கேமராவுக்கு நிறையச் செலவானது என்று ஒரு விடை இருக்கும். அது முடிவுக்குச் சம்பந்தமில்லை. கேமரா தண்டச்செலவு என்று யாராவது சொல்லியிருந்தால்தான் அது பொருந்தும். சில ஓட்டுநர்களுக்குக் கேமரா இருப்பதே தெரியாது என்று இன்னொரு விடை. இதில்தான் நிறையப் பேர் விழுவார்கள். சிலருக்குத் தெரியாவிட்டால் என்ன, மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதுமே. சென்ற வருஷம் இதே அளவு விபத்து நடந்து, கேமரா பொருத்தாமல் விட்ட சந்திப்புகளிலும் இதே விகிதத்தில் விபத்து குறைந்தது என்று ஒரு விடை இருந்தால், அதுதான். மிக மோசமான வருஷத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்கள் அடுத்த வருஷம் தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். கேமரா இருந்தாலும் இறங்கும், கோயில் கட்டினாலும் இறங்கும்.

இதே வாதத்துக்கு அனுமானம் எது என்று கேட்டால் எதிர்மறை உத்தி கைகொடுக்கும். "அந்தச் சந்திப்புகளில் வாகனப் போக்குவரத்து இந்த வருஷம் பெருமளவு குறைந்துவிடவில்லை" என்று ஒரு விடை. அதைத் திருப்பிப் போடுங்கள். போக்குவரத்து பெருமளவு குறைந்துவிட்டது. இப்போது கேமராதான் காரணம் என்று சொல்ல முடியுமா? முடியாது. விடையைத் திருப்பினால் வாதம் சரிந்துவிடுகிறது என்றால் அது இல்லாமல் வாதம் நிற்காது என்று அர்த்தம். ஆனால் எல்சாட்டில் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி உண்டு. "எதை அனுமானித்தால் முடிவு கட்டாயம் வந்து சேரும்?" என்ற கேள்வி. அங்கே எதிர்மறை உத்தியைப் போட்டால் கவிழ்ந்துவிடும். தேவையானது வேறு, போதுமானது வேறு. சோறு பொங்கத் தண்ணீர் தேவை, தண்ணீர் மட்டும் போதாது. இரண்டையும் குழப்பியே மதிப்பெண்ணை விடுபவர்கள் ஏராளம்.

கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா என்பது பயிற்சியாளர்களுக்கு நடுவே ஓயாத வழக்கு. எல்சாட் பக்கம் பத்தியை முதலில் படி என்பார் அதிகம், ஜிமேட் பக்கம் கேள்வியை முதலில் பார் என்பார் அதிகம். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்வது வீண். அதை விட முக்கியம், விடைகளைப் பார்ப்பதற்கு முன்பு வாதத்தின் ஓட்டையைச் சொந்த வார்த்தையில் ஒரு வரி சொல்லிப் பார்ப்பது. அப்படிச் செய்தவனை அழகான தப்பு விடைகள் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது.

இந்தக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. விடையைத் தேர்ந்தெடுப்பதை விட, வாதத்தின் ஓட்டைகளைச் சொந்தமாக எழுதிக் காட்டுவதுதானே உண்மையான சோதனை? ஈடிஎஸ்ஸும் அப்படித்தான் நினைத்தது. 1994-ல் ஜிமேட்டில் கட்டுரைப் பிரிவு வந்தது. 2002 அக்டோபரில் ஜிஆர்இ தன் அனலிட்டிகல் பிரிவை எடுத்துவிட்டு, வாதத்தை அலசி எழுதும் பிரிவை வைத்தது. ஆனால் லட்சக்கணக்கான கட்டுரைகளை யார் திருத்துவது? 1999 முதல் ஜிமேட் கட்டுரைகளை ஒரு மனிதரோடு ஈ-ரேட்டர் என்ற மென்பொருளும் சேர்ந்து திருத்தியது. அதை ஏமாற்ற முடியுமா என்று ஈடிஎஸ்ஸே நிபுணர்களை அழைத்துச் சோதித்தது. ஒரு பேராசிரியர் சில பத்திகளை எழுதி அவற்றையே திரும்பத் திரும்ப ஒட்டி நீட்டினார். மென்பொருள் முழு மதிப்பெண் போட்டது! பயிற்சி மையங்கள் அச்சுக் கட்டுரைகளைத் தயாரித்துக் கொடுக்க அதிக நாள் ஆகவில்லை. கடைசியில் 2023 செப்டம்பரில் ஜிஆர்இயிலிருந்து வாதக் கட்டுரை போய்விட்டது. அதே வருஷம் நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் கட்டுரையே கிடையாது, இலக்கணம் பார்க்கும் வாக்கியத் திருத்தமும் கிடையாது. கிரிட்டிகல் ரீசனிங் மட்டும் அசையாமல் இருக்கிறது.

நம் நாட்டுக்கு இது வந்த விதம் வேறு. வங்கித் தேர்வுகளில் ஒரு வாக்கியம் கொடுத்து, அதன் கீழே இரண்டு அனுமானங்கள் கொடுத்து, முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என்று கேட்பது பழைய வழக்கம். 2008-ல் தொடங்கிய சட்டக் கல்லூரிகளுக்கான கிளாட் தேர்விலும் ரத்த உறவு, எண் தொடர் மாதிரிக் கேள்விகள்தான் முதலில் நிறைய. 2020-ல் அது தலைகீழாக மாறி, நீளமான பத்தியைப் படித்து வாதத்தை எடை போடும் தேர்வானது. "மாமாவின் மச்சினியின் மகன்" ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள்.

பெரிய கலவரம் சிவில் சர்வீசஸ் தேர்வில்தான். 2011-ல் முதல்நிலைத் தேர்வில் சிசாட் என்ற இரண்டாம் தாள் வந்தது. பத்தி வாசிப்பு, தர்க்கம், அடிப்படைக் கணக்கு. கோச்சிங் மனப்பாடத்தை ஒழிப்பது நோக்கம். ஆனால் பத்தியைப் படித்து அதன் அனுமானத்தைப் பிடிக்க முதலில் பத்தி புரிய வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டும்தான். ஹிந்தி மொழிபெயர்ப்போ அகராதியை வைத்துச் செய்தது போல இருந்தது. எஃகு ஆலை என்பதற்குப் பதில் எஃகுச் செடி என்று வந்திருந்ததை டெல்லியில் போராடிய மாணவர்கள் காட்டினார்கள். 2014 ஜூலை, ஆகஸ்டில் போராட்டம் உச்சத்துக்குப் போனது. அந்த ஆகஸ்டில் ஆங்கில வாசிப்புக் கேள்விகளின் மதிப்பெண் தகுதிப் பட்டியலில் சேராது என்று அரசு அறிவித்தது. 2015-ல் சிசாட் முழுவதுமே 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக மாறியது. தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவருக்கு அந்த மோசமான மொழிபெயர்ப்பு கூடக் கிடையாது, இன்னொரு மொழியில்தான் வாதத்தின் ஓட்டையைத் தேட வேண்டும். பிரிகாம் 1923-ல் ராணுவத் தேர்வை வைத்துப் போட்ட கணக்கு இங்கே ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. சிசாட்டில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். ஆகவே எல்சாட் புத்தகத்தில் உள்ள "எதையும் காலியாக விடாதே" என்ற உத்தியை அப்படியே இங்கே கொண்டு வந்தால் நஷ்டம்தான். எல்சாட்டில் தப்பான விடைக்குத் தண்டனை இல்லை.

அமெரிக்காவில் வாதக் கேள்விக்குப் போட்டியாக இருந்தது எல்சாட்டின் புதிர்ப் பிரிவு. ஆறு பேரை ஏழு நாற்காலியில் உட்கார வைக்கிற வகை. எல்லோரும் படம் வரைந்து போடுவார்கள். மிச்சிகனைச் சேர்ந்த, கண் பார்வையற்ற ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். படமே வரைய முடியாத தனக்கு இந்தப் பிரிவு என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. 2019 அக்டோபரில் சமரசம் ஏற்பட்டது. நான்கு வருஷத்துக்குள் மாற்று வழி கண்டுபிடிப்பதாக எல்சாட் நடத்தும் அமைப்பு ஒப்புக்கொண்டது. படம் வரைந்து போடும் உத்திகளுக்காகவே தனிப் புத்தகங்களும் தனி வகுப்புகளும் நடந்துகொண்டிருந்தன. 2024 ஜூன் மாதத்தோடு புதிர்ப் பிரிவு முடிந்தது. ஆகஸ்ட் 2024 முதல் எல்சாட்டில் மதிப்பெண் பெறும் மூன்று பிரிவுகளில் ஒன்று பத்தி வாசிப்பு, மற்ற இரண்டும் லாஜிக்கல் ரீசனிங்.